பையில பிளேடு போட்டு போனை எடுத்தான், அக்கவுண்ட்ல 46,301 போச்சு, பேங்க்ல "நாலு நாள் ஆயிடுச்சு"ங்கிறாங்க

தண்டையார்பேட்டையில டிபன் கடை வெச்சிருக்கிற ஒரு அக்கா, வக்கீலான எனக்கு நாலு பக்கத்துக்கு கடிதம் எழுதியிருக்காங்க. பேரு, பேங்க், போலீஸ் ஸ்டேஷன் எல்லாத்தையும் எடுத்துட்டு விஷயத்தை மட்டும் சுருக்கி சொல்றேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மகளோட எம்.சி. ரோடுக்கு துணி எடுக்க போயிருக்காங்க. வண்ணாரப்பேட்டை சனிக்கிழமை கூட்டத்தை பத்தி நான் சொல்ல வேண்டியதில்ல. எட்டே முக்காலுக்கு ஒரு கடையில காசு குடுக்கலாம்னு கைப்பையில கையை விட்டா விரல் அடிப்பக்கமா வெளிய வருது, பையை பிளேடால கிழிச்சு போனை எடுத்துட்டாங்க. போன் கவருக்குள்ள ஏ.டி.எம் கார்டையும் சொருகி வெச்சிருந்திருக்காங்க. பின் நம்பரை எங்கயும் எழுதி வெக்கல, ஆனா போன் லாக் எல் மாதிரி இழுக்கிற பேட்டர்ன்.

மறுநாள் ஞாயிறு காலையில 10:20க்கு தங்கச்சி போன்ல இருந்து பேங்க் கஸ்டமர் கேருக்கு அடிச்சு, மக தான் பேசியிருக்கு, "அம்மாவோட போனும் கார்டும் திருடு போயிடுச்சு"ன்னு. அவங்க கார்டை பிளாக் பண்ணிட்டோம், கம்ப்ளெயிண்ட் நம்பர் எஸ்.எம்.எஸ்ல வரும்னு சொல்லி வெச்சுட்டாங்க. எந்த நம்பருக்கு வரும்? திருடு போன நம்பருக்கு தான். திங்கள்கிழமை புது சிம் வாங்கினாங்க, அதுல ஒரு நாள் பூரா மெசேஜே வரல. புதன்கிழமை காலையில கடையை மூடிட்டு பேங்குக்கு போய் பாஸ்புக் என்ட்ரி போட்டா, சனிக்கிழமை ராத்திரி முதல்ல 1 ரூபாய், அப்புறம் 9,500, 9,800, 7,000. ஞாயிறு மதியம் 10,000, மறுபடி 10,000. எல்லாமே யூ.பி.ஐ. மொத்தம் 46,301. அதுல பாதிக்கு மேல மகளிர் குழு பணம், இவங்க தான் வசூல் பண்ணி கட்டுறவங்க.

அன்னைக்கே மக கையால ஒரு லெட்டர் எழுதி மேனேஜர்கிட்ட குடுத்திருக்காங்க. அவர் சொன்னது: "மூணு நாளுக்குள்ள சொல்லணும், நாலு நாள் ஆயிடுச்சு. அதுவும் பின் போட்டு தான் பணம் போயிருக்கு, பின் உங்களுக்கு மட்டும் தானே தெரியும்? நாங்க ஒண்ணும் பண்ண முடியாது." ஸ்டேஷன்ல "எங்க லிமிட் இல்ல"ன்னு ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு அனுப்பி, கடைசியில "போன் காணாம போச்சுன்னு எழுதிக் குடுங்க"ன்னு வாங்கிட்டு ஒரு சி.எஸ்.ஆர் (மனு வாங்கினதுக்கான ரசீது, எஃப்.ஐ.ஆர் இல்ல) குடுத்திருக்காங்க. இப்போ ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு. வீட்டுக்காரர் ஹார்பர்ல வேலை, அவருக்கு போன் போனது மட்டும் தான் தெரியும். கடைசியில நாலு கேள்வி: பணம் வருமா, போன் இ.எம்.ஐ கட்டணுமா, பாஸ்புக்ல பேரு தெரியுதே அவனை பிடிக்கலாமா, வீட்டுக்காரர்கிட்ட சொல்லாமலே இதை முடிக்க முடியுமா?

அக்கா, உங்க கடிதத்துல ரெண்டு இடத்துல "என் தப்பு தான்"னு எழுதியிருக்கீங்க. அந்த வார்த்தையை இனிமே யார்கிட்டயும், முக்கியமா பேங்க்ல குடுக்கிற எந்த பேப்பர்லயும் எழுதாதீங்க. ஆறுதலுக்கு சொல்லல. கார்டை கவர்ல வெச்சது நல்ல பழக்கம் இல்ல தான், ஆனா அது சட்டப்படி கவனக்குறைவான்னு முடிவு பண்ண வேண்டியது நீங்களோ உங்க மேனேஜரோ இல்ல. அதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு முழுக்க பேங்குக்கு தான்.

நாலு நாளா, மூணு நாளா

மேனேஜர் சொன்ன அந்த மூணு நாள் கணக்கு எங்க இருந்து வருதுன்னா, ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6ஆம் தேதி எல்லா வணிக வங்கிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை விட்டாங்க, வாடிக்கையாளர் அனுமதி இல்லாம எலக்ட்ரானிக் வழியில பணம் போனா யார் எவ்வளவு நஷ்டம் தாங்கணும்னு. அதுல வாடிக்கையாளர் மேலயும் தப்பு இல்ல, பேங்க் மேலயும் தப்பு இல்ல, வெளியில யாரோ பண்ண வேலைன்னா, 3 வேலை நாளுக்குள்ள பேங்குக்கு சொல்லிட்டா உங்க நஷ்டம் பூஜ்யம். 4ல இருந்து 7 வேலை நாளுக்குள்ள சொன்னா ஒரு வரம்பு வரைக்கும் நீங்க தாங்கணும். அதுக்கும் மேல போனா அந்தந்த பேங்க் போர்டு வெச்சிருக்கிற பாலிசி படி.

உங்க மேனேஜர் சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய்னு விரல் விட்டு எண்ணியிருக்கார். ஆனா சுற்றறிக்கை சொல்றது வேலை நாள், அதுவும் உங்க ஹோம் பிராஞ்ச்சோட (கணக்கு இருக்கிற கிளையோட) வேலை நாள், அதுலயும் பணம் எடுத்த தகவல் உங்களுக்கு வந்த நாளை விட்டுட்டு தான் எண்ணணும். சனிக்கிழமை ராத்திரி எடுத்த பணத்துக்கு சனியை விட்டுடணும், ஞாயிறு லீவு, திங்கள் ஒண்ணு, செவ்வாய் ரெண்டு, புதன் மூணு. நீங்க புதன்கிழமை காலையில போய் லெட்டர் குடுத்துட்டீங்க. நடுவுல லீவு எதுவும் வரலன்னே வெச்சுக்கிட்டாலும் நீங்க மூணாவது வேலை நாள்ல தான் இருக்கீங்க, லேட் ஆகல. இன்னொரு வாதமும் இருக்கு, தகவல் வந்த எஸ்.எம்.எஸ்ஸே திருடன் கையில இருந்த சிம்முக்கு தான் போச்சு, உங்களுக்கு விஷயம் தெரிஞ்சதே பாஸ்புக் என்ட்ரியில தான். ஆனா அதை ரெண்டாவது வாதமா வெச்சுக்கோங்க. முதல் கணக்கே உங்க பக்கம் நிக்குது, எளிசா நிக்கிற வாதத்தை முன்னாடி வெக்கணும்.

இந்த ஒரு நாளுக்கு நான் ஏன் இவ்வளவு அடம் பிடிக்கிறேன்னா, இதுல நிறைய பேருக்கு தெரியாத ஒரு குழி இருக்கு. 4-7 நாள் கட்டத்துல விழுந்தா சாதாரண சேமிப்பு கணக்குக்கு உச்சவரம்பு 10,000 ரூபாய்னு போட்டிருக்கு. உடனே எல்லாரும் சரி 10,000 போனா போகட்டும், மீதி 36,000 வந்துடும்னு நினைக்கிறாங்க. அப்படி இல்ல. அந்த வரம்பு ஒவ்வொரு டிரான்சாக்‌ஷனுக்கும் தனித்தனி. உங்க பாஸ்புக்கை பாருங்க, ஒண்ணு கூட 10,000ஐ தாண்டல. அப்போ நாலாவது நாள்னு முத்திரை குத்திட்டா உங்களுக்கு ஒரு பைசா கூட வராம போகலாம். (ஜன்தன் மாதிரி அடிப்படை சேமிப்பு கணக்கா இருந்தா வரம்பு 5,000, அப்பவும் ஒவ்வொண்ணுலயும் 5,000 கழியும்.) அதனால இந்த கேஸோட உயிரே அந்த புதன்கிழமை தேதியில இருக்கு.

புதன்கிழமை குடுத்தீங்கன்னு எப்படி காட்டுறது? லெட்டர் காப்பியில சீல் வாங்கலன்னு எழுதியிருக்கீங்க. ஆனா குடுக்கிறதுக்கு முன்னாடி மக அதை போட்டோ எடுத்து சித்திக்கு வாட்ஸப்ல அனுப்புச்சுன்னும் போற போக்குல ஒரு வரி இருக்கு, நான் அதை ரெண்டு தடவை படிச்சேன். அந்த மெசேஜ்ல தேதி, நேரம் இருக்கு. பாஸ்புக்ல என்ட்ரி போட்ட தேதியும் இருக்கும். பிராஞ்ச் சி.சி.டி.வியும் இருக்கு, ஆனா அது ரொம்ப நாள் நிக்காது, அதை பாதுகாத்து வைக்க சொல்லி உடனே எழுத்துல கேக்கணும்.

பின் போட்டு போச்சுன்னா நீங்க போட்டதுன்னு அர்த்தமா

இது தான் பேங்க்ல எல்லாரையும் வாயடைக்க வைக்கிற கேள்வி, "பின் இல்லாம யூ.பி.ஐ போகாதே." சரி தான், போகாது. ஆனா பின்னை புதுசா வைக்கலாமே? யூ.பி.ஐ பின் மறந்துட்டா எப்படி மாத்துறோம்? ஏ.டி.எம் கார்டோட கடைசி ஆறு நம்பர், கார்டு முடியிற மாசம் வருஷம், அப்புறம் போனுக்கு வர்ற ஓ.டி.பி. சில பேங்க்ல ஏ.டி.எம் பின் கூட கேக்கிறதில்ல. உங்க கார்டு அவன் கையில, போன் அவன் கையில, சிம் அதுக்குள்ள, லாக்கோ எல். இதுக்கு மேல அவனுக்கு உங்க பழைய பின் எதுக்கு? அந்த முதல் 1 ரூபாய் கூட, வேலை செய்யுதான்னு பார்க்க அனுப்பினது தான், இந்த மாதிரி கேஸ்ல அடிக்கடி பார்க்கிற ஒண்ணு.

அதனால நீங்க பேங்க்ல கேக்க வேண்டியது, "அன்னைக்கு ராத்திரி என் யூ.பி.ஐ பின் மாத்தப்பட்டதா, எத்தனை மணிக்கு, எந்த டிவைஸ்ல இருந்து?" இது அவங்க சிஸ்டத்துல இருக்கும். எட்டே முக்காலுக்கு அப்புறம் பின் மாத்தின பதிவு இருந்தா மேனேஜரோட வாதம் அங்கேயே முடிஞ்சுடுது, பின்னை வெளிய சொன்னது நீங்க இல்லன்னு அவங்க ரெக்கார்டே சொல்லிடும். டிவைஸ் விவரத்தை ஏன் கேக்க சொல்றேன்னா, சிம்மை கழட்டி வேற போன்ல போட்டு யூ.பி.ஐ ரெஜிஸ்டர் பண்ணா பொதுவா முதல் 24 மணி நேரத்துக்கு மொத்தமே 5,000 ரூபாய் தான் அனுப்ப முடியும்னு பாதுகாப்பு வெச்சிருக்காங்க. புது டிவைஸ்ல இருந்து ஒரே ராத்திரியில 26,000 போயிருந்தா, அந்த வரம்பு ஏன் வேலை செய்யலன்னு பேங்க் தான் பதில் சொல்லணும்.

உண்மையையும் சொல்லிடறேன், பேங்க் சும்மா இருக்காது. கார்டையும் போனையும் ஒண்ணா வெச்சதும், எல் பேட்டர்னும் கவனக்குறைவுன்னு வாதாடுவாங்க. சுற்றறிக்கையில வாடிக்கையாளர் கவனக்குறைவுக்கு உதாரணமா சொல்றது பேமெண்ட் ரகசியங்களை அடுத்தவங்களுக்கு பகிர்றது. நீங்க யாருக்கும் பகிரல, உங்ககிட்ட இருந்து பிளேடு போட்டு பிடுங்கினாங்க. ரெண்டும் ஒண்ணு இல்லன்னு நான் நினைக்கிறேன், ஆனா தீர்ப்பு சொல்றவங்க எல்லாரும் அப்படியே நினைப்பாங்கன்னு உறுதி குடுக்க மாட்டேன்.

அந்த ஞாயிறு 10:20 போன் கால்

இதை நீங்க கடிதத்துல ஒரு ஓரமா தான் எழுதியிருக்கீங்க, ஆனா என் கண்ணுக்கு உங்ககிட்ட இருக்கிற பெரிய ஆயுதமே இது தான். கவனக்குறைவுன்னே முடிவானாலும், வாடிக்கையாளர் பேங்குக்கு சொன்ன நேரம் வரைக்கும் தான் நஷ்டம் அவருது, சொன்னதுக்கு அப்புறம் போற பணம் பேங்க் தலையில. உங்க பணத்தை ரெண்டா பிரிங்க. சனி ராத்திரி போனது 26,301. ஞாயிறு மதியம், அதாவது கால் பண்ணதுக்கு அப்புறம் போனது 20,000. இந்த 20,000க்கு கார்டு எங்க இருந்துச்சு, பேட்டர்ன் என்னங்கிற பேச்சே வரக்கூடாது.

பேங்க் என்ன சொல்வாங்க? "அவங்க கார்டை பிளாக் பண்ண தான் சொன்னாங்க, யூ.பி.ஐ பத்தி சொல்லல." இங்க தான் நீங்களும் ஒரு தப்பான நம்பிக்கையில இருந்திருக்கீங்க, கார்டு பிளாக் ஆனா எல்லாம் பிளாக்னு. கார்டு வேற, யூ.பி.ஐ வேற, மொபைல் பேங்கிங் வேற. சிம்மை பிளாக் பண்ணாலும் ஏற்கனவே ரெஜிஸ்டர் ஆன ஆப் வைஃபையில திறந்துக்க வாய்ப்பு இருக்கு. ஆனா உங்க மக "போனும் திருடு போச்சு"ன்னு சேர்த்து சொல்லியிருக்கு. போன் போச்சுன்னு கேட்டவுடனே அந்த நம்பர்ல இருக்கிற யூ.பி.ஐயை நிறுத்த வேண்டியது அந்த சீட்டுல உக்காந்திருக்கிறவரோட வேலை, வாடிக்கையாளர் பேங்க் பாஷையில பேசணும்னு எதிர்பார்க்க முடியாது. அந்த கால் ரெக்கார்ட் ஆகியிருக்கும், அதை அழிக்காம வைக்க சொல்லி எழுதுங்க. தங்கச்சி போன்ல அந்த கால் லாக் இருக்கா பாருங்க, ஸ்கிரீன்ஷாட் எடுங்க, அந்த போனை இப்போதைக்கு எக்ஸ்சேஞ்ச்ல போட்டுடாதீங்கன்னு சொல்லுங்க.

ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்த அந்த வரி

"காணாம போச்சு"ன்னு எழுதிக் குடுத்தது எனக்கு கவலையா இருக்கு. காணாம போறதுல குற்றம் இல்ல, குற்றம் இல்லன்னா எஃப்.ஐ.ஆர் இல்ல, அதனால தான் அப்படி எழுத சொல்வாங்க. அந்த சி.எஸ்.ஆரை பேங்க் பார்த்துட்டு "பாருங்க, இவங்களே தொலைச்சுட்டேன்னு எழுதியிருக்காங்க"ன்னு உங்களுக்கே திருப்புவாங்க. கிழிஞ்ச பையை தூக்கி போட்டுடலயே? வெச்சிருங்க, நாலு பக்கமும் போட்டோ எடுங்க.

இப்போ கூடுதலா ஒரு மனு குடுங்க: பையை பிளேடால கிழிச்சு போன் திருடப்பட்டது, திருடின போனை வெச்சு என் அடையாளத்தை பயன்படுத்தி பணம் எடுக்கப்பட்டது. முதல் பாதி பாரதிய நியாய சன்ஹிதா 303(2), திருட்டு. அடுத்த பாதி தகவல் தொழில்நுட்ப சட்டம் 66சி, 66டி. "எங்க லிமிட் இல்ல"ங்கிறது இனி செல்லாது, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173 படி சம்பவம் எங்க நடந்திருந்தாலும் புகாரை வாங்கி பதிவு பண்ணி சேர வேண்டிய ஸ்டேஷனுக்கு அனுப்பணும், எஃப்.ஐ.ஆர் காப்பி உங்களுக்கு இலவசமா குடுக்கணும். அப்பவும் வாங்கலன்னா சண்டை போட வேணாம், அதே மனுவை ஸ்பீட் போஸ்ட்ல துணை ஆணையருக்கு அனுப்பிட்டு ரசீதை வெச்சுக்கோங்க. ரெண்டு வாரமா ஸ்டேஷன் படி ஏறி இறங்கறதுக்கு ஒரு தபால் ரசீது மேல்.

1930க்கு நீங்க அடிக்கவே இல்லன்னு தெரியுது. அது சைபர் மோசடிக்கான தேசிய ஹெல்ப்லைன், முதல் ஒரு மணி ரெண்டு மணி நேரத்துல அடிச்சா பணம் போன அக்கவுண்டையே நிறுத்தி ஹோல்டு போட வாய்ப்பு அதிகம். இப்போ பணம் அங்க உக்காந்திருக்கும்னு நான் ஆசை காட்ட மாட்டேன். ஆனாலும் இன்னைக்கே அடிங்க, வர்ற அக்நாலெட்ஜ்மெண்ட் நம்பர் மேல போற இடத்துல எல்லாம் கேப்பாங்க. பாஸ்புக்ல ஒவ்வொரு யூ.பி.ஐ வரியிலயும் 12 இலக்க ரெஃபரன்ஸ் நம்பர் இருக்கும், அதை கையில வெச்சுக்கிட்டு பேசுங்க. எதாவது ஒரு அக்கவுண்ட்ல கொஞ்சம் பணம் மாட்டியிருந்தா மாஜிஸ்திரேட் கோர்ட்ல மனு போட்டு வாங்குற வழி இருக்கு.

பாஸ்புக்ல ஒரு பேரு தெரியுது, அண்ணன் பையன் அந்த பேரையும் நம்பரையும் தேடி ஏரியா வாட்ஸப் குரூப்ல எல்லாம் போட ரெடியா இருக்கான்னு எழுதியிருக்கீங்க. அவனை நிறுத்துங்க. அந்த பேரு திருடன் பேரா இருக்கிற வாய்ப்பு குறைவு. ரெண்டாயிரம் மூவாயிரம் கமிஷனுக்கு ஆசைப்பட்டு அக்கவுண்டையும் சிம்மையும் எவனுக்கோ குடுத்த பையனா இருப்பான், நம்ம தெருவுலயே இருக்கலாம். அவனும் குற்றவாளி தான், ஆனா அவனை நீங்க உஷார் பண்ணா போலீசுக்கு மேல போற நூல் அறுந்துடும், பேரை போட்டு அது வேற ஆளா இருந்தா உங்க அண்ணன் பையன் மேல கேஸ் வரும். அதே மாதிரி "உங்க போன் கிடைச்சிருக்கு, இந்த லிங்கை அமுக்குங்க"ன்னு புது சிம்முக்கு மெசேஜ் வரும், போனை டிரேஸ் பண்ணி தரேன் 3,000 குடுன்னு ஒருத்தன் வருவான். ஒரு தடவை பறிகொடுத்தவங்களை தான் ரெண்டாவது தடவை தேடி வர்றாங்க.

போனை பொறுத்தவரைக்கும், சஞ்சார் சாத்தி போர்ட்டல்ல சி.இ.ஐ.ஆர்ங்கிற பக்கத்துல ஐ.எம்.இ.ஐ நம்பரை (போனோட அடையாள எண்) பிளாக் பண்ணுங்க. போலீஸ் புகார் காப்பியும், அதே நம்பர்ல எடுத்த புது சிம்முல ஓ.டி.பியும் வேணும். ஐ.எம்.இ.ஐ போன் பெட்டியில, இல்லன்னா இ.எம்.ஐ போட்ட பில்லுல இருக்கும். பிளாக் பண்ணா எந்த சிம் போட்டாலும் போன் வேலை செய்யாது, யாராவது ஆன் பண்ணா தகவல் போலீசுக்கு போகும். புது சிம்முல ஒரு நாள் மெசேஜ் வரலன்னு கடைக்காரர்கிட்ட சண்டை போட்டீங்களாமே, பாவம் அவர் என்ன பண்ணுவார், சிம் மாத்தினா முதல் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ் போகாது வராதுங்கிறது அரசாங்கமே போட்ட பாதுகாப்பு.

பேங்குக்கு எழுத வேண்டியது, அதுக்கு மேல போக வேண்டியது

முதல்ல வாய்ப்பேச்சை விடுங்க. ஒரே ஒரு லெட்டர், ரெண்டு காப்பி, ஒண்ணுல சீலும் தேதியும். பிராஞ்ச்ல சீல் போட யோசிச்சா அதையே பேங்கோட குறைதீர் அதிகாரிக்கு இமெயில் பண்ணுங்க, அந்த முகவரி பிராஞ்ச் நோட்டீஸ் போர்டுலயே ஒட்டியிருக்கும். கிட்டத்தட்ட இப்படி எழுதலாம்:

"என் சேமிப்பு கணக்கில் இருந்து சனிக்கிழமை இரவும் ஞாயிறு மதியமும் என் அனுமதி இல்லாமல் ஆறு யூ.பி.ஐ பரிவர்த்தனைகளில் 46,301 ரூபாய் எடுக்கப்பட்டுள்ளது. ஞாயிறு காலை 10:20க்கு உங்கள் வாடிக்கையாளர் சேவைக்கும், புதன்கிழமை கிளையில் எழுத்து மூலமாகவும் தெரிவித்தேன். இது மூன்று வேலை நாட்களுக்குள் வருகிறது. அனுமதியில்லாத எலக்ட்ரானிக் பரிவர்த்தனை குறித்த ரிசர்வ் வங்கி விதிகளின்படி தொகையை என் கணக்கில் வரவு வைக்கவும். மேற்படி நாட்களில் யூ.பி.ஐ பின் மாற்றப்பட்ட நேரம், டிவைஸ் விவரம், ஞாயிறு அழைப்பின் ஒலிப்பதிவு ஆகியவற்றைப் பாதுகாத்து எனக்குத் தெரிவிக்கவும். மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் தரவும்."

அவ்வளவு போதும். கார்டு எங்க இருந்துச்சுன்னு அவங்க எழுத்துல கேட்டா உண்மையை சொல்லுங்க, பொய் சொல்லாதீங்க, ஆனா கேக்காம நீங்களா பாவ மன்னிப்பு மாதிரி எழுதிக் குடுக்க வேணாம்.

அந்த சுற்றறிக்கை படி நீங்க சொன்ன நாள்ல இருந்து 10 வேலை நாளுக்குள்ள அந்த தொகையை தற்காலிகமா உங்க கணக்குல வரவு வெக்கணும், 90 நாளுக்குள்ள விசாரணையை முடிக்கணும். அந்த 10 நாள் உங்க விஷயத்துல ஏற்கனவே முடிஞ்சு போச்சு, லெட்டர்ல இதையும் ஒரு வரி சேர்த்துக்கோங்க. தற்காலிகமா வந்த பணம் விசாரணை முடியற வரைக்கும் உங்களது இல்ல, வந்துச்சேன்னு உடனே எடுத்து செலவு பண்ணிடாதீங்க.

பேங்க் மறுத்தாலோ, புகார் குடுத்து 30 நாள் பதிலே வரலன்னாலோ ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மன்கிட்ட (பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கிற அதிகாரி) போகலாம். ஆன்லைன்ல சி.எம்.எஸ் போர்ட்டல் இருக்கு, இல்லன்னா தபால்ல சண்டிகர் மையத்துக்கு அனுப்பலாம், சந்தேகம்னா 14448. பீஸ் கிடையாது. என் தொழிலுக்கு எதிரா ஒண்ணு சொல்றேன், இதுக்கு வக்கீல் வேணாம், சொல்லப்போனா வக்கீல் மூலமா போட்டா எடுத்துக்கவே மாட்டாங்க, நீங்களோ உங்க சார்பா மகளோ தான் போடணும். யாராவது "ஓம்பட்ஸ்மன் கேஸ் நான் நடத்தி தரேன், 5,000 குடுங்க"ன்னு வந்தா குடுக்காதீங்க.

அங்கயும் சரி வரலன்னா மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம், சென்னை வடக்கு. சம்பவம் நடந்து 2 வருஷத்துக்குள்ள போடணும், உங்க தொகைக்கு கட்டணம் இல்ல. மன உளைச்சல், அலைச்சலுக்கும் அங்க கேக்கலாம். ஆனா ரெண்டு இடத்துலயும் ஒரே நேரத்துல போடாதீங்க, நுகர்வோர் ஆணையத்துல கேஸ் நிலுவையில இருந்தா ஓம்பட்ஸ்மன் எடுக்க மாட்டாங்க. என் அபிப்பிராயம், முதல்ல ஓம்பட்ஸ்மன். நேர்ல ஆள் துணை வேணும்னா ஹைகோர்ட் வளாகத்துல இருக்கிற இலவச சட்ட உதவி மையம், போன் 15100. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காம உதவி பண்ணுவாங்க.

முழுசா வருமான்னு கேட்டீங்க. ஞாயிறு மதியம் போன 20,000க்கு உங்க பக்கம் ரொம்ப பலம். சனி ராத்திரி 26,301க்கு பின் மாத்தின பதிவு வெளிய வந்தா நல்ல வாய்ப்பு, வரலன்னா இழுபறி. இடையில பேங்க்ல கூப்பிட்டு "பாதி வாங்கிக்கோங்க, கையெழுத்து போடுங்க"ன்னா, "முழு தீர்வு"ன்னு அச்சடிச்ச பேப்பர்ல படிக்காம கையெழுத்து போடாதீங்க.

இ.எம்.ஐ, குழு பணம், வீடு

போனே இல்ல, இ.எம்.ஐ எதுக்கு கட்டணும்னு கேட்டிருக்கீங்க, கோவம் புரியுது. ஆனா கடன் குடுத்தவன் போனை குடுக்கல, பணத்தை குடுத்தான், போன் திருடு போனாலும் கடன் நிக்குது. நிறுத்தினா அபராதம் ஏறும், சிபில் அடி வாங்கும், நாளைக்கு குழு லோன்ல கூட அது வந்து நிக்கும். வாங்கும்போது இன்சூரன்ஸ்னு ஏதாவது சேர்த்து பிடிச்சாங்களான்னு பில்லை பாருங்க, சிலதுல திருட்டுக்கு கிளெய்ம் இருக்கும், அதுக்கு எஃப்.ஐ.ஆர் கேப்பாங்க, சி.எஸ்.ஆர் பத்தாது. இன்னொண்ணு, உங்க போன்ல ஆதார், பான் போட்டோ இருந்துச்சுன்னா உங்க பேர்ல யாராவது ஆப் லோன் எடுத்திருக்காங்களான்னு ஒரு மாசம் கழிச்சு கிரெடிட் ரிப்போர்ட் எடுத்து பாருங்க, வருஷத்துக்கு ஒரு தடவை முழு ரிப்போர்ட் இலவசம்.

குழு பணத்துக்கு பேங்க்ல புகார் குடுக்க வேண்டியது கணக்கு வெச்சிருக்கிற நீங்க மட்டும் தான், குழுகிட்ட பதில் சொல்ல வேண்டியதும் நீங்க தான். அதனால மறைக்காதீங்க. பாஸ்புக், சி.எஸ்.ஆர், பேங்க் லெட்டர் காப்பி மூணையும் எடுத்துட்டு போய் அடுத்த கூட்டத்துலயே காட்டி, குழு நோட்டுல தீர்மானமா எழுதி எல்லாரையும் கையெழுத்து போட சொல்லுங்க. இன்னைக்கு நீங்களா சொன்னா அது திருட்டு, மூணு மாசம் கழிச்சு யாரோ கண்டுபிடிச்சா அது கையாடல்னு பேராயிடும். இனிமே குழு பணத்துக்கு குழு பேர்லயே தனி கணக்கு வைக்க சொல்லுங்க.

வீட்டுக்காரர்கிட்ட சொல்லாம முடிக்க முடியுமான்னா, சட்டப்படி அவர் கையெழுத்து எங்கயும் தேவையில்ல, கணக்கு உங்களது. ஆனா எஃப்.ஐ.ஆர் போட்டா ஸ்டேஷன்ல இருந்து வீட்டுக்கு வருவாங்க, பேங்க் பதில் தபால்ல வரும், நீங்க கடையில இருக்கிற நேரத்துல அதை வாங்குறது அவரா தான் இருப்பார். தபால்காரர் சொல்றதுக்கு முன்னாடி நீங்க சொல்லிடுங்க, மகளையும் பக்கத்துல வெச்சுக்கிட்டு, முடிஞ்சா பேங்க் லெட்டர்ல சீல் வாங்கிட்டு வந்த அன்னைக்கே.